முகமாலையிலிருந்து குருநகர் வரை: ஐந்து நாள் குறிப்புகள்

11 ஜூன் 2025, புதன். கிளிநொச்சி, முகமாலை, செம்மணி

ஓமந்தை தாண்டியதும் பஸ்ஸின் ஏசி நின்றுவிட்டது. ஜன்னல் திறக்காத பஸ். கண்டக்டர் கூரை மூடியைத் தடியால் இடித்துத் திறந்துவிட்டு, "காத்து வரும், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். காற்று வந்தது, ஏ9 வீதியின் புழுதியையும் கூட்டிக்கொண்டு. முன் ஆசனத்து அம்மா ஒருவர் தன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கையிலிருந்த தோடம்பழ இனிப்புப் பையை மட்டும் பின்னால் நீட்டினார். முகம் தெரியாதவர்களுக்கு இனிப்பு நீட்டும் பழக்கம் இந்தப் பாதையில் இன்னும் போகவில்லை.

கிளிநொச்சியில் பத்து நிமிடம். பிளேன்ரீ 50 ரூபாய், உழுந்துவடை 60. கடையின் எதிரே ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் மூன்று வரிசையாக நின்றன. ஒரு உள்நாட்டுச் சண்டையில் நாடுகளின் கூட்டமைப்பு ஒன்றால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியோடு வந்த பயணம் இது. யாழ்ப்பாணப் பக்கம் சர்வதேச அரசியலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்த பஸ்களைத்தான் பார்க்க வேண்டும். இங்கே தைக்கப்படும் உடை ஐரோப்பாவுக்குத் தீர்வையின்றிப் போவது ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையால். அதற்கு விலை, 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்பது. 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியபோது மீறப்பட்டதாகச் சுட்டியவை மூன்று: குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரானது, சிறுவர் உரிமை. 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த உரிமைகளோடு முட்டுவதாகச் சொல்லப்படும் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வெளியே நிற்கும் நாட்டின் மீது ஒரு கூட்டமைப்புக்கு உள்ள பிடி இவ்வளவுதான்: சந்தைக் கதவைத் திறக்கலாம், மூடலாம். மூடினால் முதலில் வீட்டுக்குப் போவது அந்த பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள். அமைச்சர்கள் அல்ல.

ஆனையிறவில் இருபக்கமும் தண்ணீர் வற்றி, கரையோரம் வெள்ளைக் கோடு. நாடே உப்புக்கு அலைந்து, இந்தியாவிலிருந்து உப்புக் கப்பல் எடுத்த காலம் இது. பஸ்ஸில் இருந்தவர்கள் அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

முகமாலையில் இறங்கியபோது வெயில் உச்சியில். நிழல் கிடையாது, முறிந்த பனைகளுக்கிடையில் புதிதாக முளைத்த வடலிகள்தான். 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகி, ஏப்ரலில் பாதை திறந்த பின், 2006 ஓகஸ்ட் 11 வரை இந்த இடம் ஒரு 'நாட்டெல்லை'. அந்நாளில் வடக்கே போகிறவர் புலிகளின் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, பொருள் இருந்தால் வரி கட்டி, நடுவிலுள்ள வெற்று நிலத்தைக் கடந்து, இராணுவச் சாவடியில் மறுபடி இறங்கி, அதே பையை மறுபடி திறந்து, அடையாள அட்டையைக் கொடுத்துப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். நேரம் தப்பினால் இரவு வழியில்தான். பதிவேடும் இரண்டு, முத்திரையும் இரண்டு. ஒன்றை மற்றது ஏற்கவில்லை. பாதை மூடியதும் குடாநாட்டுக்குக் கப்பலும் விமானமும்தான் மிஞ்சின.

இதை அயர்லாந்து எல்லையோடு, அதாவது பிரித்தானியாவின் வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவிலுள்ள எல்லையோடு, ஒப்பிடுவது யாழ்ப்பாணத்துப் படித்த ஆட்களுக்கு வழக்கம். ஒப்பீடு பாதிதான் சரி. அங்கே 499 கிலோமீற்றர் எல்லை, 200க்கு மேற்பட்ட கடவைகள். சிறிய வீதிகளைப் பிரித்தானிய இராணுவம் குண்டு வைத்துக் குழியாக்கியிருந்தது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் ஒரே நாளில், 1973 ஜனவரி 1இல், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. சேர்ந்த ஆண்டே வட அயர்லாந்தில் அதிகாரத்தைப் பகிரும் சன்னிங்டேல் உடன்பாடு வந்தது. மறு ஆண்டு மே மாதம் ஒரு வேலைநிறுத்தத்தில் உடைந்தது. அங்கத்துவம் கிடைத்தபின் இருபத்தைந்து வருடம் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1993 ஜனவரியில் ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை வந்து சுங்கச் சாவடியை அகற்றியது. இராணுவச் சாவடியை அது தொடவில்லை. அதை அகற்றியது 1998 ஏப்ரல் 10இன் பெரிய வெள்ளிச் சமாதான உடன்பாடும் அதன் பின்னான வருடங்களும். ஒரு முத்திரையைச் சந்தை எடுத்தது, மற்ற முத்திரையை அரசியல் எடுத்தது. இந்தக் கணக்கை மறந்துவிட்டுத்தான் பலர் "ஐரோப்பா சமாதானம் கொண்டு வந்தது" என்கிறார்கள்.

யாழ் நகருக்குள் நுழையுமுன் செம்மணி. சித்துப்பாத்தி மயானத்தில் பெப்ரவரியில் கட்டட வேலைக்கு வெட்டிய குழியில் மனித எலும்பு வந்தது. நீதிமன்ற உத்தரவில் நடந்த அகழ்வின் முதற்கட்டம் இந்த மாதத் தொடக்கத்தில் நின்றிருந்தது. வெளியே பொலிஸ், உள்ளே மறைப்பு. ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை.

தெற்கில் கிரேக்கரும் வடக்கில் துருக்கியருமாகப் பிளந்து கிடக்கும் தீவு சைப்பிரஸ். அங்கே இதே வேலைக்கு ஒரு குழு இருக்கிறது. காணாமற்போனோர் குழு, 1981இல் உடன்பட்டது. உறுப்பினர் மூவர்: கிரேக்க சைப்பிரியர் ஒருவர், துருக்கிய சைப்பிரியர் ஒருவர், ஐ.நா. நியமிக்கும் மூன்றாமவர். பட்டியலில் 2,002 பேர்: 1,510 கிரேக்கர், 492 துருக்கியர். உடன்பட்டுப் பெயர்ப்பலகை மாட்டியும் இருபது வருடத்துக்கு மேல் தோண்டல் ஒழுங்காக நடக்கவில்லை. 2006இலிருந்துதான் இரு சமூகத்துத் தொல்லியலாளர்களும் ஒரே குழியில் இறங்கினார்கள். ஆய்வுகூடம் நிக்கோசியாவில் ஐ.நா. பாதுகாப்புப் பகுதிக்குள். காசில் பெரும்பங்கு ஐரோப்பிய ஒன்றியத்துடையது. இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டு வீட்டாரிடம் போயிருக்கிறார்கள். ஆனால் கொன்றது யார் என்று அந்தக் குழு சொல்லாது. சாவின் காரணத்தையும் சொல்லாது. அந்த நிபந்தனையில்தான் இரண்டு பக்கமும் உடன்பட்டன. எலும்பு கிடைக்கும், நீதி கிடைக்காது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் செம்மணித் தாய்மார் அந்தப் பேரத்தை ஏற்பார்களா என்பது வேறு கேள்வி. மனுவில் அவர்கள் கேட்பது இரண்டையும்.

12 ஜூன், வியாழன். நகரம்

காலையிலேயே சோளகம் பலமாக அடிக்கத் தொடங்கிவிட்டது. பஸ் நிலையத்தடியில் குடை பிடித்தவர்களின் குடை எல்லாம் மேலே மடிந்தன. மே 6 உள்ளூராட்சித் தேர்தலின் சுவரொட்டிகள் இன்னும் உரியவில்லை. வேட்பாளர்களின் கன்னத்தை ஆடு தின்றிருந்தது.

சாப்பாடு: இடியப்பம் ஒன்று 15 ரூபாய், சொதியும் சம்பலும் கேட்கக் கேட்க. ஆறு இடியப்பத்தோடு எழும்ப நினைத்தால் பரிமாறுபவர் விடமாட்டார். "ஆறு ஒரு சாப்பாடோ தம்பி?" என்று இன்னும் நாலு விழும். சந்தையில் கறுத்தக் கொழும்பான் மாம்பழம், பெரியது ஒன்று 150. விலை பேசினால் கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேசாமல் வாங்கினால் ஒன்று கூடப் போடுவார்.

பொதுநூலகத்தின் முன்னால் பாடசாலைப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். 1981இல் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி வழிகாட்டி சிங்களத்தில் இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காலியிலிருந்து வந்தவர்களாம். செருப்பை வாசலில் கழற்றி, கேட்டு முடிந்ததும் ஒருவர்கூடக் கேள்வி கேட்காமல் உள்ளே போனார்கள்.

எதிரே கிடுகு நிழலில் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் ஓய்வுபெற்றவர். பேச்சு தானாகவே அந்நாளைய போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்குப் போனது. ஓய்வுபெற்ற ஐயா சொன்னது: "வெள்ளை வாகனம் ஒண்டு வந்து நிண்டாலே ஆமிக்காரன் துவக்கைத் தோளிலை போடுவான். அது போனாப் பிறகுதான் எல்லாம் துவங்கினது."

அந்த வெள்ளை வாகனம் போனதற்குக் காரணம் ஒரு கூட்டமைப்பின் அங்கத்துவப் பட்டியல். இலங்கைக் கண்காணிப்புக் குழுவில் ஐந்து நோர்டிக் நாடுகள்: நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து. இதில் நடு மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில். நோர்வேயும் ஐஸ்லாந்தும் வெளியே. 2006 மே மாதம் ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. தங்களைப் பயங்கரவாதிகள் என்று சொல்லிவிட்டவர்கள் நடுநிலைக் கண்காணிப்பாளர்களாக இருக்க முடியாது என்று புலிகள் கூறி, ஒன்றிய நாட்டவரை வெளியேறக் கேட்டார்கள். செப்டெம்பர் தொடங்கும்போது மூன்று நாட்டாரும் போய்விட்டார்கள். போர் ஏறிக்கொண்டிருந்த மாதங்களில்தான் ஆள் குறைந்தது. மிஞ்சிய இரு நாட்டாரும் 2008 ஜனவரியில் உடன்பாடு அதிகாரபூர்வமாக முடியும்வரை இருந்தார்கள். தடை சரியா தவறா என்று இந்தக் கிடுகின் கீழ் இன்றைக்கும் இரண்டு கருத்து, இரண்டும் சூடான கருத்து. ஆனால் ஒன்றில் இருவரும் உடன்பட்டார்கள்: ஒரு கூட்டமைப்பு ஒரே குரலில் பேசத் தொடங்கினால், அதற்குள் இருக்கும் சிறிய நாடு நடுவராக இருக்கும் உரிமையை இழக்கிறது. வெளியே நிற்கிற நோர்வேக்கு அந்த உரிமை இருந்தது.

வட அயர்லாந்தில் ஐரோப்பியக் காசு எப்படிப் போனது என்பதை ஐயா நன்றாக அறிந்திருந்தார். 1994 போர்நிறுத்தங்களுக்குப் பிறகு ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவர் ஜாக் டெலோரிடம் கைகோத்துப் போனவர்கள் மூவர்: ஜோன் ஹியூம், இயன் பெய்ஸ்லி, ஜிம் நிக்கல்சன். ஹியூம் அயர்லாந்தோடு சேர விரும்பிய தரப்பு, மற்ற இருவரும் பிரித்தானியாவோடு இருக்க விரும்பிய தரப்பு. ஊரில் ஒரே மேடையில் நிற்காத ஆட்கள். வட அயர்லாந்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மூன்றே இடம், விகிதாசார வாக்கில் இரு தரப்புக்கும் கிடைத்தது. 1995இல் தொடங்கியது, இணக்க வேலைக்கு ஒன்றியம் காசு கொடுக்கும் 'பீஸ்' திட்டம். 2021 முதல் 2027 வரையான இன்றைய சுற்று சுமார் 1.1 பில்லியன் யூரோ. 2011இல் டெரியில் ஃபொயில் ஆற்றுக்கு மேல் நடைபாலம் கட்டியது இந்தக் காசுதான்.

எங்களுக்கு வேண்டியது பாலத்தின் படமல்ல, பணப் பங்கீட்டின் வாய்க்கால். முதற் சுற்றில் 26 மாவட்ட சபைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டுக் குழு வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு தேர்ந்த கவுன்சிலர்கள், ஒரு பங்கு ஊர்ச் சங்கங்கள், ஒரு பங்கு வணிகர், தொழிற்சங்கம் முதலியோர். காசு வேண்டுமென்றால் மூன்று பங்கும் ஒரே மேசையில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கவுன்சிலர்களும் ஒரே கட்சி என்றால் அந்த மேசை நொண்டும்.

கெட்டுப்போனதும் உண்டு. படிவம் நிரப்பத் தெரிந்த சங்கமே திரும்பத் திரும்ப வாங்கியது. ஒரே சமூகத்துக்குள் நடக்கும் பட்டறைகளுக்கும் 'இணக்கம்' என்று பெயர் வைத்தார்கள். சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடைவெளியில் சிறு அமைப்புகள் சம்பளம் கொடுக்க முடியாமல் மூடின. பெல்பாஸ்ட்டின் பிரிப்புச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஐயா சிரித்துக்கொண்டே, "இதைக் கேக்க எங்கடை வாழ்வாதாரத் திட்டங்கள் மாதிரியே கிடக்கு" என்றார்.

13 ஜூன், வெள்ளி. காங்கேசன்துறை, கீரிமலை

மினிபஸ் மல்லாகத்தில் பஞ்சர். சக்கரம் மாற்றும் நேரம் முழுக்க உள்ளே பக்திப் பாட்டு ஓடியது. நிறுத்தச் சொன்னால் "பற்றறி இறங்காது அண்ணை, கவலைப்படாதீங்கோ" என்றான் பையன்.

காங்கேசன்துறையில் கடல் கொதித்துக்கொண்டிருந்தது. நாகபட்டினத்துக்கு ஓடும் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. பக்கத்தில் பலாலி, 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. இரயில் பாதை 2015 ஜனவரியில் மறுபடி இங்கே வந்தது, இந்தியக் கடனில். எல்லாம் இரு நாட்டு உடன்பாடுகள். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் என்ற சொல்லை எந்தப் பலகையிலும் காண முடியாது. இந்த ஐந்து நாளில் யார் வாயிலும் அது வரவில்லை என்பதே இந்தப் பயணத்தின் வியப்பு. இலங்கை அதன் தொடக்க உறுப்பினர். யாழ்ப்பாணத்துக்கு அது ஒரு வினாத்தாள் சொல், அவ்வளவே.

காரணம் சாசனத்தின் பத்தாவது உறுப்புரையில் இருக்கிறது. 1985 டிசம்பர் 8இல் டாக்காவில் ஏழு நாடுகள் கையெழுத்திட்டபோது இரண்டு வரி எழுதின: எல்லா முடிவும் ஏகமனதாக; இரு நாட்டு விவகாரமும் சர்ச்சைக்குரிய விவகாரமும் பேச்சில் சேராது. அதே ஆண்டு பூட்டானின் திம்புவில் இலங்கை அரசுக்கும் தமிழ்த் தரப்புகளுக்கும் பேச்சு நடந்திருந்தது. அது இந்தியாவின் ஏற்பாடு. 1987 ஜூன் 4இல் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டதும் இந்தியா, ஜூலை 29இல் உடன்பாடு செய்ததும் இந்தியா, படை அனுப்பியதும் இந்தியா. கூட்டமைப்பு எங்கேயும் இல்லை. போர்தான் கூட்டமைப்பை நிறுத்தியது: இந்தியப் படை இருக்கும்வரை மாநாட்டை நடத்தமாட்டேன் என்று ஜனாதிபதி பிரேமதாச நின்றதால், கொழும்பில் நடக்க வேண்டிய ஐந்தாவது மாநாடு 1990இல் மாலேக்குப் போனது. கடைசி மாநாடு 2014 காத்மண்டுவில். அதற்குப் பிறகு தலைவர்கள் நேரில் கூடவேயில்லை.

அயர்லாந்து விஷயத்தில் ஐரோப்பியத் தலைவர்கள் மாநாட்டு மேசையில் சண்டையைத் தீர்க்கவில்லை. ஆனால் அந்த மாநாடுகளுக்குப் போன பிரித்தானியப் பிரதமர் தச்சரும் அயர்லாந்துப் பிரதமர் கரெட் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஓரமாக உட்கார்ந்து பேசும் இடம் கிடைத்தது. 1985 நவம்பரின் ஆங்கில-ஐரிஷ் உடன்பாட்டுக்கு அந்த ஓரப் பேச்சும் ஒரு படி. சந்திப்பதற்காகச் சந்திக்கிறார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாத சந்திப்பு. சார்க்கில் ஓரம் உண்டு. ஆனால் இன்றைய எட்டு நாட்டில் ஒன்றான இந்தியா மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது, அதுவே எங்கள் சண்டையில் ஒரு தரப்பும்கூட.

கீரிமலைக் கேணியில் குளித்தால் கடல் உப்பு போகும் என்பார்கள். போனது. துவைக்காத துண்டோடு வந்தவருக்கு பக்கத்தில் நின்ற பெரியவர் தன் இரண்டாவது துண்டைத் தந்துவிட்டு, ஈரத்தோடேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

14 ஜூன், சனி. நயினாதீவு

குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசை. படகின் கீழ்த்தட்டில் டீசல் புகை, மேல்தட்டில் அலை தெறிப்பு. எதை எடுப்பது என்பதில் அனுபவசாலிகள் பின்பக்கத்து நடுவை எடுத்தார்கள். இருபது நிமிடம். கொழும்புக் குடும்பத்துச் சிறுமி வாந்தி எடுக்க, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எலுமிச்சங்காயைக் கிள்ளி மூக்கடியில் பிடித்தார். மொழி தேவைப்படவில்லை.

ஒரே தீவு, தமிழில் நயினாதீவு, சிங்களத்தில் நாகதீப. ஒரு இறங்குதுறையில் நாகபூஷணி அம்மன், மற்றதில் விகாரை. பலகையில் எந்தப் பெயர் முதலில், எந்தப் பெயர் மட்டும் என்பதில் சச்சரவு பழையது. சைப்பிரஸில் இதே தகராறு ஒரு பாற்கட்டியில் நடந்தது. கிரேக்க மொழியில் ஹலூமி, துருக்கிய மொழியில் ஹெலிம். 2014இல் விண்ணப்பித்து 2021 ஏப்ரலில் இரண்டு பெயரையும் ஒன்றாகச் சேர்த்து ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பெயராகப் பதிந்தது. பாற்கட்டிக்கு ஏழு வருடம். அதன் பிறகும் வடக்கின் பால் சுகாதாரப் பரிசோதனையில் தேறவேண்டியிருந்ததால் அந்தப் பெயர் அவர்களுக்கு உடனே சோறு போடவில்லை.

சைப்பிரஸ்தான் ஒன்றியத்தின் தவறை முழுதாகக் காட்டும் இடம். 1999இல் ஹெல்சிங்கியில், தீர்வு வராவிட்டாலும் சைப்பிரஸ் ஒன்றியத்தில் சேர்வதற்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள். 2004 ஏப்ரல் 24இல் தீவை ஒன்றாக்கும் ஐ.நா.வின் அனான் திட்டத்துக்கு வாக்கெடுப்பு: துருக்கிய சைப்பிரியர் 65 வீதம் ஆம், கிரேக்க சைப்பிரியர் 76 வீதம் இல்லை. ஆம் என்றவர்கள் வெளியே நின்றார்கள். இல்லை என்றவர்கள் ஒரு கிழமையில், மே 1இல், உள்ளே போனார்கள். தாலி கட்டியபின் சீதனம் கேட்ட கதை. அதன்பின் அந்தப் பிடி கையில் இல்லை.

மிஞ்சியது, தீவைப் பிரிக்கும் பச்சைக்கோட்டை ஆளும் பொருளும் கடப்பதற்கான ஒன்றியத்தின் ஒழுங்குவிதி, 866/2004. வடக்கின் விளைபொருள் தெற்கே போக, கூடவே செல்லும் ஒரு பத்திரம் வேண்டும். அதை வடக்கின் அரசு கொடுத்தால் தெற்கு ஏற்காது என்பதால், துருக்கிய சைப்பிரிய வணிகச் சம்மேளனம் கொடுக்கிறது. உருளைக்கிழங்கை ஒன்றியம் அனுப்பும் சுயாதீன நிபுணர்கள் தோட்டத்தில் வந்து பார்ப்பார்கள். கடவையில் நடந்து போகிறவர் கொண்டுவரக்கூடிய பொருள் 260 யூரோவுக்கு. சிகரெட் 40, மதுபானம் ஒரு லீற்றர். மாட்டிக்கொள்ளும் இடம் லொறி: வடக்கின் வர்த்தக வாகனத்தின் தகுதிச் சான்றைத் தெற்கு ஏற்பதில்லை. கிழங்குக்குப் பத்திரம் இருக்கிறது, கிழங்கைச் சுமக்கிற லொறிக்கு இல்லை. இருந்தாலும், நாட்டை ஏற்காமல் கையெழுத்தை மட்டும் ஏற்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்களே, அதற்காக ஒரு கும்பிடு.

அம்மன் கோவிலில் அன்னதானம்: சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, பாயசம். காலிக்காரரும் இருந்து சாப்பிட்டார்கள். திரும்பும் படகு ஒரு மணி நேரம் பிந்தியது, காற்று.

15 ஜூன், ஞாயிறு. குருநகர்

விடிய ஐந்தரைக்கு இறங்குதுறை. பூசை மணி அடிக்க, பெண்கள் முக்காட்டோடு மீன் பெட்டிகளுக்கு நடுவே நடந்து போனார்கள். நீலக்கால் நண்டு, பெரியது தனிக் கூடை, உடைந்தது கறிக்கு. ஏற்றுமதிக் கொம்பனியின் ஆள் தராசோடு நிற்கிறான். கால் ஒன்று போனால் விலை அரைவாசி.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் நண்டுவலையைத் தூக்கிக் காட்டினார். பின்னேரம் நாலு மணிக்குப் பாய்ச்சி விடிய எடுப்பது. அவர் கையில் இருந்தது மேற்கயிறும் மிதப்பும் மட்டும்; கீழே வலை இல்லை, ஈயக் குண்டும் இல்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகின் பலகை அடியில் உரசிப் போகும்போது குண்டுப் பக்கத்தைப் பிடித்து இழுக்கும். மேற்கயிறு மிதந்து மிஞ்சும். "ஏப்ரல் தடைக்கு முதல் போனது. இன்னும் கட்டி முடியேல்லை. ஒன்றரை இலட்சம்," என்றார்.

தமிழ்நாட்டில் கிழக்குக் கரை இழுவைப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நேற்றோடு முடிந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள கடல் எல்லைக்கோடு 1974இலும் 1976இலும் கீறியது. இலங்கை 2017இல் அடித்தள இழுவையையே சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் குருநகர்க் கரையிலேயே உள்ளூர் இழுவைப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அதைச் சுட்டினால் அவர் முகம் சுருங்கியது. "அது வேறை. அதுகும் பிழைதான்," என்றார், இரண்டையும் ஒரே மூச்சில்.

இந்தச் சண்டையில் சிங்களவர் இல்லை. இரு கரையும் தமிழ், அந்தோனியாரும் ஒரே அந்தோனியார். 2016இல் டெல்லியும் கொழும்பும் ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தன. அதிகாரிகள் கூடுகிறார்கள், கலைகிறார்கள். ஐரோப்பாவுக்கு இங்கே பிடி இருந்தது: கண்காணிப்பில்லாத மீன்பிடி என்று 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டு, அடுத்த ஆண்டு நடுவில் எடுத்தது. ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி வந்தது அந்த அடியில். பாக்கு நீரிணைக்கு அது எட்டவில்லை.

வட அயர்லாந்துக்கும் குடியரசுக்கும் நடுவிலுள்ள ஃபொயில் வாவியில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு, அது ஐரோப்பாவுக்கும் மூத்தது. 1952இல் பெல்பாஸ்ட் நாடாளுமன்றமும் டப்ளின் நாடாளுமன்றமும் தனித்தனியே ஒரே பொருளில் சட்டம் இயற்றி ஃபொயில் மீன்பிடி ஆணையத்தை உண்டாக்கின. ஒன்றையொன்று ஏற்காத காலம் அது. வாவி யாருடையது என்பதை அன்று தீர்க்கவில்லை, இன்றும் தீர்க்கவில்லை. அனுமதிப் பத்திரம், சால்மன் காலம், காவற்படகு ஆகியவற்றை மட்டும் ஒரே அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். 1998க்குப் பிறகு அமைத்த ஆறு வடக்கு-தெற்கு அமைப்புகளில் ஒன்று அதன் வாரிசு. கூட்டமைப்பு வந்து அந்த வேலையை விரிக்க இடம் கொடுத்தது. மேசை அதற்கு முன்பே போட்டிருந்தது. பிரித்தானியா 2020 ஜனவரியில் வெளியேறிய பின்னும் அந்த அலுவலகம் நடக்கிறது, வட அயர்லாந்தின் ஸ்டோர்மன்ட் அமைச்சரவைதான் அந்த வெளியேற்றம் உண்டாக்கிய கடல் சுங்க எல்லைப் பிரச்சினையில் இரண்டு வருடம் கவிழ்ந்து கிடந்தது.

கச்சதீவு யாருடையது என்று மேடையில் கத்துகிறவர்களுக்கு இந்த 1952 கதை பிடிக்காது. எல்லைக்கோட்டை அழிக்காமல், எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசாமல், எந்த மாதம் எந்த வலை என்று மட்டும் இரண்டு கையெழுத்து.

வலைக்காரர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். வலை போனால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னார். ஜி.பி.எஸ்.இல் இடத்தைக் குறி. இருட்டென்றாலும் படகின் பதிவு எண்ணைப் படம் எடு. இராமேஸ்வரப் படகென்றால் பக்கத்தில் எழுதியிருக்கும். கரைக்கு வந்ததும் பொலிஸில் முறைப்பாடு, துண்டு வாங்கு. சங்கத்தின் கடிதம், கடற்றொழில் திணைக்களத்தில் படிவம், மிச்ச வலையின் படம், வலை வாங்கிய பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு இல்லாததால்தான் பாதிப் பேரின் கணக்கு விழுகிறதாம். பையில் இருந்தவை ஒன்பது துண்டுகள், 2019 முதல். ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை.

"அந்தப் பக்கம் ஆருக்கும் இதிலை ஒரு கொப்பி போகுமோ?"

"அந்தப் பக்கம் ஆருக்கு அனுப்பிறது தம்பி? விலாசம் வேணுமே."

பிளேன்ரீ வந்தது, காசு வாங்க மறுத்துவிட்டார். இன்றைக்குப் பின்னேரம் அவர் வலை பாய்ச்சவில்லை. திங்கள், புதன், சனி தமிழ்நாட்டுப் படகுகளின் நாள், நாளைக்குத் திங்கள். பொலித்தீன் பையை நாலாய் மடித்து அரிசி வாளிக்குள் வைத்து மூடினார்.